பேசும் பொத்தான் உடைந்த செட்

கிரேன் ஆபரேட்டர் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுகிறார் என்று சைட்டில் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்கள். ஸ்டோர் கீப்பருக்குப் பொழுது போகாத நாள் அது. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை வாக்கி டாக்கியைக் காதோரம் வைத்துக்கொண்டு, ஆபரேட்டர் வாயைத் திறக்கும்போதெல்லாம் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார். சாயங்காலம் பார்த்தால் நாற்பத்தொரு கோடு. அதில் முப்பத்தெட்டு 'சரி'. மீதி மூன்றில் ஒன்று தும்மல். தும்மலைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு தகராறே நடந்தது.

அன்றிலிருந்து அவருக்குப் பெயர் ஊமைக்கோட்டான். அவருக்கு அது தெரியும். கோபித்துக்கொண்டாரா என்றால், கோபத்துக்கும் நாலு வார்த்தை வேண்டுமே.

ஐம்பத்தாறு வயது. அதில் முப்பது வருடம் இந்த வேலை. விடியும்போது ஏணியில் கால் வைத்தால் மேலே கூண்டுக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். ஏறினால் ஏறினதுதான், மாலைதான் இறக்கம். சாப்பாட்டு டப்பா, தண்ணீர், ஒரு காலி பாட்டில் எல்லாம் கூடவே போகும். காலி பாட்டில் எதற்கென்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். பழையவர்கள் சிரிப்பார்கள். கூண்டு என்பது ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, நாலு பக்கமும் கண்ணாடி, காற்றடித்தால் கீச்கீச்சென்று கத்தும் ஒரு கருவி. அங்கே உட்கார்ந்தால் பாதி ஊர் தெரியும். தெற்குப் பக்கம் ஆறு தெரு தள்ளி அவர் குடியிருக்கும் மூன்றாவது மாடி பால்கனியும், அதில் கவிழ்த்துவைத்த நீல டிரம்மும் தெரியும். கீழே கொக்கியில் என்ன மாட்டுகிறார்கள் என்பதுதான் பாதி நேரம் தெரியாது.

அதைப் பார்த்துச் சொல்ல ஒரு சிக்னல்காரர் இருந்தார். அவருக்குப் பெயர் மைக்செட். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. "மேலே, கேக்குதா? தூக்கு. தூக்கு. மெதுவா, ராசா, மெதுவா. என் மச்சான் நேத்து ஒரு வண்டி வாங்கினான் அண்ணே, வாங்கின அன்னிக்கே... நில்லு! நில்லு. ம், இப்ப வலது பக்கம் திருப்பு." இப்படிப் பன்னிரண்டு மணி நேரம் போகும். கம்பியும் மச்சானும் கலந்தே மேலே போவார்கள். ஒன்பது வருடமாக இருவரும் ஜோடி. கம்பெனி மாற்றினால் இருவரையும் சேர்த்தேதான் மாற்றும். அந்தக் குரல் 'நில்லு' என்று சொல்லி ஆபரேட்டரின் கை நிற்காத நாள் ஒன்றுகூட இல்லை. கீழே இருக்கும் ஐம்பது அறுபது தலைகள் அந்தப் பழக்கத்தில்தான் பத்திரமாக இருந்தன.

நாய்க்குட்டி இந்த வாழ்க்கைக்குள் வந்தது கிரேன் வழியாகத்தான். கான்கிரீட் போட முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் தகடுகள் அடுக்கியிருந்த மூலையில் ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டிருந்தது. பாதுகாப்பு அதிகாரி பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி நாய்க் காப்பகத்தில் விட்டுவரச் சொன்னார். தாய் கிடைத்தது, மூன்று குட்டி கிடைத்தது. நாலாவதைத் தேடிப் பார்த்துவிட்டு வண்டி கிளம்பிப் போய்விட்டது. நாலாவது அந்த நேரத்தில் பதினாலாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. தகடுகளுக்கு நடுவே தூங்கியதை யாரும் கவனிக்காமல் கட்டித் தூக்கிவிட்டார்கள். பத்தாவது மாடியில் இருந்த கொத்தனார் கண்ணெதிரே ஒரு வால் மேலே போவதைப் பார்த்துக் கத்தினார்.

"மேலே, நில்லு! ஆடாம நில்லு!" என்றது வாக்கி டாக்கி செட். "அண்ணே, சுமையில உயிர் இருக்கு. நாய்க்குட்டி. விளிம்புல உக்காந்திருக்கு."

வழக்கமாக அரை நிமிடத்தில் இறக்கும் உயரம். அன்று பதினோரு நிமிடம் ஆனது. காற்று கொஞ்சம் இருந்தது. ஆபரேட்டருக்கு உள்ளங்கை வியர்த்துக் கைப்பிடி வழுக்கியது. எத்தனையோ ஆயிரம் டன் தூக்கியவர். அவற்றில் எதுவும் அவரை இப்படிப் பயமுறுத்தியதில்லை. குட்டி தரையில் இறங்கி, நடந்தது எதுவும் தெரியாமல், மைக்செட்டின் ஷூ லேஸைக் கடித்தது. மாலையில் ஆபரேட்டர் இறங்கி வந்ததும் நேரே போய் அதைத் தூக்கிக்கொண்டார்.

"என்ன அண்ணே பண்ணப் போறீங்க?"

"நான் தூக்கினேன். நான்தான் பாத்துக்கணும்."

ஒரே மூச்சில் நாலு வார்த்தை. ஸ்டோர் கீப்பர் அன்று காகிதம் வைத்திருக்கவில்லை.

வீட்டில் அப்போது வேறு யாருமில்லை. மனைவி, மகளின் பிரசவத்துக்காக மகள் ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வர ஐந்தாறு மாதம் ஆகும். அன்று போனில் விஷயத்தைச் சொன்னார்.

"நாயா? நீங்களா?" என்றாள் மனைவி. "ஏங்க, என்கிட்டயே பேச நேரமில்லாத மனுஷன். காலையில ஆறுக்குப் போயி ராத்திரி ஏழுக்கு வர்றீங்க. அதை யாரு பாப்பா? வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான்."

"ம்," என்றார்.

அவள் சொன்னது ஒரு வாரத்தில் பலித்தது. துடைப்பத்தில் பாதி காணவில்லை. தலையணை உறையில் ஒரு ஜன்னல். ஒற்றைச் செருப்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அதையெல்லாம் பெருக்கித் தள்ளிவிடலாம். அழுகையை என்ன செய்வது? அவர் படியிறங்கிய அடுத்த நிமிடம் ஆரம்பித்து மாலை வரை ஊளை. கூண்டிலிருந்து பார்ப்பார். நீல டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புப் புள்ளி, பால்கனியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் கேட்காது, ஓட்டம் தெரியும். புள்ளி என்றே அதற்குப் பெயரும் ஆகிவிட்டது.

சத்தம் கேட்டது கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாவுக்குத்தான். படிக்கட்டிலேயே நிறுத்திவைத்துப் பேசினார்.

"சார், மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணசர முடியல. பிரஷர் ஏறுது. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணு நாய் போகணும், இல்ல நீங்க போகணும். நீங்க போறதுல எனக்கு இஷ்டமே இல்ல. நீங்க குடியிருக்கறதே எனக்குத் தெரியாது, அவ்வளவு நல்ல குடித்தனம்."

ஆபரேட்டர் தலையை ஆட்டினார். இரண்டு நாள் கூண்டில் உட்கார்ந்து யோசித்தார். மனிதச் சத்தம் இல்லாததால்தானே அழுகிறது? தன் குரலை வீட்டில் வைத்துவிட்டு வர முடிந்தால்? மூன்றாம் நாள் ஸ்டோர் கீப்பரிடம் போய் ஒரு பழைய வாக்கி டாக்கி கேட்டார்.

"பழசு ஒண்ணு கிடக்கு. ஆனா பேசுற பொத்தான் உடைஞ்சது. கேக்க மட்டும்தான் செய்யும், உங்கள மாதிரி," என்றார் ஸ்டோர் கீப்பர். "எழுதிக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

அதைச் சார்ஜரோடு பால்கனி ஜன்னல் விளிம்பில் வைத்து, சைட் சேனலில் திருகிவிட்டு, வேலைக்குப் போனார். ஆறரை மணிக்கு மைக்செட்டின் முதல் "மேலே, கேக்குதா?" வந்தது. இவர் "கேக்குது" என்றார். தெற்கே பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த புள்ளி நின்றது. ஜன்னல் பக்கம் போனது. படுத்துக்கொண்டது.

அன்று முழுக்க அவருக்குச் சிரிப்பு முகம். மேலே இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வீட்டுக்கார அம்மா படிக்கட்டில் நிறுத்தினார். "என்ன மந்திரம் சார் போட்டீங்க? மூச்சே காணோம்!" என்றார். ஆபரேட்டர் பெருமையோடு, "என் குரல்," என்றார்.

பாவம், அப்படித்தான் நம்பினார்.

மூன்று மாதம் ஓடியது. புள்ளிக்குக் கால் நீண்டது, காது ஒன்று நிமிர்ந்தது. காலையில் பால், கிண்ணம் நிறையச் சாப்பாடு, இரவு ஒரு நடை. நடையின்போது இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். வீடு திரும்பினால் அவர் சாப்பிடுவார், நாய் சாப்பிடும், விளக்கு அணையும். அவரைக் கண்டால் வாலாட்டும், காலடியில் படுக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவருக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அவர் நாள் முழுக்க வீட்டில் இருக்கும்போது, நாய் ஜன்னலடியில் போய் உட்கார்ந்து சத்தமில்லாத செட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும். பார்வையை எடுக்காது.

ஒரு சனிக்கிழமை ஆபரேட்டர் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே ஏணியிறங்கினார். மறுநாள் மைக்செட், ரொட்டியும் பழமும் காய்ச்சல் மாத்திரையும் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்க வந்தார். மைக்செட் அந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. கீழ்ப்படியில் கால் வைக்கும்போதே பேச்சு தொடங்கிவிட்டது.

"எத்தனாவது மாடி அண்ணே? அங்கயும் ஏணி, இங்கயும் ஏணியா? உங்களுக்கு அலுக்கவே அலுக்காதா?"

போர்வைக்குள் இருந்து ஆபரேட்டர் பார்த்தார். நாய் எழுந்தது. செட்டுக்கு ஓடியது, கதவுக்கு ஓடியது, மறுபடி செட்டுக்கு ஓடியது. உடம்பு முழுக்க நடுக்கம். கதவு திறந்ததும் மைக்செட்டின் மேல் பாய்ந்து, அவர் முகத்தை நக்கி, கீழே விழுந்து புரண்டு, அவர் ஷூவிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆபரேட்டர் அதுவரை கேட்டிராத சத்தம்.

"ஏய், ஏய்! மெதுவா, ராசா, மெதுவா!" என்றார் மைக்செட் சிரித்துக்கொண்டே.

நாய் அடங்கியது.

"நில்லு!"

நின்றது. ஒரு காலைத் தூக்கியபடியே நின்றது.

"அட! என்னமா பழக்கி வச்சிருக்கீங்க அண்ணே!"

ஆபரேட்டர் ஒன்றும் பழக்கவில்லை. மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "நில்லு," என்று தானும் சொல்லிப் பார்த்தார். நாய் திரும்பி அவரைப் பார்த்து மரியாதைக்கு ஒருமுறை வாலை ஆட்டிவிட்டு, மைக்செட்டின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

மைக்செட் ஜன்னலைப் பார்த்தார். செட்டின் பச்சை விளக்கைப் பார்த்தார். "இது தினமும் ஓடுதா அண்ணே?" என்றார்.

"ம்."

மைக்செட் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். ஒன்பது வருடத்தில் அது புதிது. கிளம்பும்போதுதான், "சோறு போடுற கையை நாய் மறக்காது அண்ணே," என்று ஆறுதல் மாதிரி ஒன்று சொன்னார். படியில் அவர் குரல் தேயத் தேய நாய் கதவைப் பிறாண்டியது.

அன்று மாலை ஆபரேட்டர் படுத்தபடியே கணக்குப் போட்டார். நாற்பத்தொரு கோடு. முப்பத்தெட்டு சரி, ஒரு தும்மல். அவர் பேசினால் நாய்க்குக் கேட்கட்டும் என்று வைத்த பெட்டி. அதில் அவர் எங்கே பேசினார்? காலையிலிருந்து மாலை வரை இன்னொருவருடைய குரலைத் தன் கையாலேயே வீட்டில் குடியேற்றிவிட்டுப் போயிருக்கிறார். நாயைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அந்தக் குரல் 'நில்லு' என்றால் நிற்பவர்தானே அவரும்? அவருக்கு வலித்தது. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார். காய்ச்சல் மறுநாள் விட்டுவிட்டது, வலி விடவில்லை.

அடுத்த வாரமே இன்னொரு செய்தி வந்தது. கட்டிடம் முடியப் போகிறது. மாதக் கடைசியில் கிரேனைக் கழற்றிவிடுவார்கள். இந்த முறை மைக்செட்டை மட்டும் ஊரின் மறுகோடியில் புது சைட்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஆபரேட்டருக்குக் கொஞ்ச நாள் விடுப்பு, பிறகு வேறு கிரேன், வேறு குரல்.

மைக்செட் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நான் போயிட்டா செட்டுல சத்தம் இருக்காது. அது மறுபடி ஊளையிடும். அந்த அம்மா விடமாட்டாங்க. என் வீட்ல சம்சாரம், பிள்ளைங்க, மாமியார்னு எப்பவும் ஆள் இருக்கும். நான் கூட்டிட்டுப் போறேனே?"

நியாயமான பேச்சு. ஆபரேட்டருக்கு மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை, ஒன்றைத் தவிர: அதை அவர் பதினோரு நிமிடம் பிடித்து இறக்கியிருக்கிறார். "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்," என்றார். "அதுக்குள்ள என் குரலுக்கு வந்தா இருக்கட்டும். இல்லன்னா உன்கூட வரட்டும்."

மறுநாளிலிருந்து கோட்டான் பேச ஆரம்பித்தது. சைட்டே வாய்பிளந்தது.

"கீழே. இப்ப மேகம் கூடுது."

"சரி அண்ணே. அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. சொன்னேன்."

கொஞ்ச நேரம் கழித்து: "கீழே. தண்ணி குடிச்சேன்." பிறகு: "ஒரு பருந்து போகுது." கம்பி கட்டுபவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. தெற்கே பார்த்துக்கொண்டே, பொத்தானை அமுக்கி, பருந்து இடது பக்கம் திரும்பியதையும் சொன்னார். அந்தச் செட்டில் ஒரு விஷயம் உண்டு: நீங்கள் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கும் வரை எதிராளி பேசுவது உங்களுக்குக் கேட்காது. கீழே மைக்செட் "நில்லு, நில்லு" என்று கத்திக்கொண்டிருந்தார். பருந்தைப் பற்றிச் சொல்லி முடித்து இவர் விரலை எடுத்தபோது, தகட்டுக் கட்டு சாரக் குழாயை உரசி நின்றிருந்தது. சாரத்தில் இருந்த பெயிண்டருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.

இன்ஜினியர் மாலையில் ஏணியடியிலேயே காத்திருந்தார். "முப்பது வருஷத்துல உங்களுக்கு ஒரு மெமோ கிடையாது. இன்னிக்கு நான் கொடுக்க வேண்டியிருக்கு. என்ன ஆச்சு உங்களுக்கு?"

ஆபரேட்டர் மெமோவில் கையெழுத்துப் போட்டார். பெயிண்டரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு திரும்பி வந்து, இன்ஜினியரிடம் நாய்க் கதை முழுவதையும் சொன்னார். மைக்செட் பின்னால் நின்று, அவர் சொல்லாமல் விட்டதை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். இன்ஜினியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு மணிக்குக் கிரேன் நிக்கும். கொக்கி தரையில இருக்கும். அப்ப அஞ்சு நிமிஷம் பேசிக்கோங்க. அதுக்கு மேல ஒரு நொடி கூடாது. எல்லா செட்டுலயும் கேக்கும், அது உங்க தலையெழுத்து."

அப்படித்தான் நடந்தது. சைட்டில் பதினாலு செட். ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாக்களுக்கு நடுவே பதினாலும் கரகரத்தன. முதல் நாள், "புள்ளி. நான்தான். மேலே இருக்கேன்," என்று சொல்லிவிட்டு நாலரை நிமிடம் மூச்சு விட்டார். இரண்டாம் நாள் பால்கனி நன்றாகத் தெரிகிறது என்றார். மூன்றாம் நாள் தன் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைச் சொன்னார். அதன் பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஓடியது. மேலிருந்து தெரியும் மொட்டை மாடிகள், அவற்றில் ஒன்றில் தினமும் தனியாக உடற்பயிற்சி செய்து பாதியில் தூங்கிவிடும் ஒரு குண்டு மனிதர், புறாக்களின் சண்டை. கீழே சிரிப்பவர்கள் குறைந்தார்கள். "குண்டு மாமா இன்னிக்கு வந்தாரா?" என்று கேட்பவர்கள் வந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பனிமூட்டம், மாடிகள் தெரியவில்லை. பொத்தானை அமுக்கினார். பிறகு கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஒருவரிடம் பேசுகிற மாதிரிப் பேசினார்.

"புள்ளி, என் பொண்ணுக்கு அப்ப மூணு வயசு. நான் தூர ஊர்ல வேலை. வாரம் ஒருநாள் பூத்துல இருந்து போன் பண்ணுவேன். அவ ரிசீவருக்கு முத்தம் கொடுப்பா. சத்தம் கேக்கும். ஒரு வருஷம் கழிச்சு வீட்டுக்குப் போனேன். என்னைப் பாத்து அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. சாயங்காலம் அவங்கம்மாகிட்ட மெதுவா கேக்குறா: 'இந்த மாமா எப்ப போவாரு? அப்பா போன்ல வர்ற நேரமாச்சு'ன்னு."

விரலை எடுக்காமலே தொடர்ந்தார்.

"என்ன பண்றது? தெருமுனைக்குப் போனேன். அங்க ஒரு பூத்து. அங்க இருந்து வீட்டுக்கு போன் பண்ணேன். அரை மணி நேரம் பேசினா. வீட்ல யாரோ ஒரு மாமா வந்திருக்காருன்னு என்கிட்டயே சொன்னா. நான் 'ம்', 'ம்'னேன்."

விரலை எடுத்தார். பதினாலு செட் கேட்கின்றன என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வெட்கத்தில் காது சூடானது. கீழே யாரும் சிரிக்கவில்லை. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டை எங்கோ விட்டுவிட்டு வந்தவர்கள். கொஞ்ச நேரம் கழித்து, மைக்செட்டின் குரல் அல்ல, அந்தப் பெயிண்டரின் குரல் வந்தது.

"கேக்குது, மேலே."

பிறகு கம்பி கட்டுபவர் ஒருவர். "கேக்குது."

பிறகு ஸ்டோர் கீப்பர். அவர் கோடு எதுவும் போடவில்லை.

அந்த வாரக் கடைசியில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. மனைவி போனில் அழுதுகொண்டே சிரித்தாள். "போனை அவ காதுல வைக்கிறேன். தாத்தா ரெண்டு வார்த்தை பேசுங்க."

"வேண்டாம்," என்றார் ஆபரேட்டர். "வைக்காத. நான் லீவுல வர்றேன். நேர்ல பேசிக்கிறேன்."

"நீங்களா? பேசவா?" என்றாள் மனைவி.

மாதக் கடைசி சனிக்கிழமை. மாலை நாலு மணிக்கு கிரேன் கடைசிச் சுமையை இறக்கியது. மைக்செட், "மேலே, போதும் அண்ணே. இறங்குங்க," என்றார். ஏணியடியில் அவர் காத்திருக்க, ஆபரேட்டர் இறங்கி வந்ததும் இருவரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள். மைக்செட்டின் கையில் ஒரு நாய்ச்சங்கிலி, புதிது.

"நான் படியில வாயைத் திறக்க மாட்டேன் அண்ணே," என்றார் தெருவிலேயே. "நீங்க கூப்பிடுங்க. அது உங்ககிட்ட வந்தா, நான் இப்படியே திரும்பிப் போயிடறேன்."

மூன்றாவது மாடி வரை சத்தமில்லாமல் ஏறினார்கள். பூட்டில் சாவியை வைத்துவிட்டு ஆபரேட்டர் கூப்பிட்டார்.

"புள்ளி."

உள்ளே நகங்கள் தரையில் சறுக்கும் சத்தம். ஓடுகிறது. எங்கே ஓடுகிறது? இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். சத்தம் கதவை நோக்கி வரவில்லை. கதவிலிருந்து விலகி, அறைக்குள்ளே, தூரமாகப் போனது. ஆபரேட்டரின் முகம் வாடிவிட்டது. மைக்செட் தரையைப் பார்த்தார்.

கதவைத் திறந்தார்கள். நாய் முன்னங்கால் இரண்டையும் ஜன்னல் விளிம்பில் வைத்து, செட்டின் சின்னச் சின்னத் துளைகளில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. வால் சுழன்றது. தொண்டையிலிருந்து அந்தச் சத்தம், காய்ச்சல் நாளில் கேட்டாரே, அதே சத்தம் வந்தது.

"அண்ணே," என்றார் மைக்செட் மெதுவாக. "அது உங்களைத்தான் தேடுது. அந்தச் செட்டுக்குள்ள."

அந்தக் குரலைக் கேட்டு நாயின் ஒரு காது திரும்பியது. தலை திரும்பவில்லை. பெட்டியிலிருந்து அடுத்த வார்த்தை வருமா என்று காத்துக்கொண்டிருந்தது.

ஆபரேட்டருக்கு அந்தப் பழைய தெருமுனை ஞாபகம் வந்தது. இப்போதும் அப்படிச் செய்யலாம். மைக்செட்டின் இடுப்பில் செட் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு வெளியே போய் நின்று பேசினால் நாய் சந்தோஷப்படும். அவர் போகவில்லை. ஜன்னலடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, சார்ஜர் ஒயரைப் பிடுங்கினார். செட்டின் குமிழைத் திருகி அணைத்தார். பச்சை விளக்கு போனது. நாய் விளக்கு இருந்த இடத்தை நக்கிப் பார்த்து முனகியது.

"புள்ளி," என்றார். "அதுல இல்ல. இங்க பாரு. நான் கீழே இறங்கிட்டேன்."

நாய் திரும்பியது. அவர் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தது. கிட்டே வந்து உதட்டை முகர்ந்தது. பேச்சை நிறுத்தினால் போய்விடுமோ என்று பயந்து அவர் பேசிக்கொண்டே இருந்தார். குண்டு மாமா இன்றைக்கும் தூங்கிவிட்டதைச் சொன்னார், கூண்டைத் துடைத்துவிட்டு வந்ததைச் சொன்னார், மகள் ஊருக்கு ரயிலில் போகப்போவதைச் சொன்னார். "ஒரு பாப்பா இருக்கு. அதுகிட்டயும் பேசணும்," என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. நாய் அந்த உடைந்த குரலையும் முகர்ந்துவிட்டு, முன்னங்கால்களை அவர் தோளில் போட்டது.

மைக்செட் சங்கிலியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கிப் போனார்.